கார் ஷெட்டுக்குப் பேனல் லைட்டா, பேட்டன் லைட்டா?

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, என் மனைவி பாதி முடித்த தஞ்சாவூர் ஓவியப் பலகை ஒன்றை ஷெட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். முந்தின நாள் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து பின்னணிக்குச் சிவப்பு தீட்டியிருந்தார். "இந்தச் சிவப்பு நேத்து இப்படி இல்லைங்க" என்றார். வெயிலில் வைத்துப் பார்த்தபோது எனக்கும் புரிந்தது. ஷெட் வெளிச்சத்தில் சிவப்பு மங்கலாக, கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்திருக்கிறது. அதைச் சரிக்கட்ட அவர் மேலும் மேலும் பளீர் சிவப்பைக் கலந்திருக்கிறார். பகலில் அது கண்ணைக் குத்தியது. மூன்று நாள் வேலை. சுரண்டி எடுத்து மறுபடி தீட்ட வேண்டியதாயிற்று.

எங்கள் வீடு கோவைக்குப் பக்கத்தில். ஷெட் 20 அடி நீளம், 11 அடி அகலம். முன்பக்கம் 12 அடிக்குக் கான்கிரீட் தளம். பின்னால் 8 அடிக்கு இரும்பு டிரஸ் போட்டுத் தகர ஷீட் வேய்ந்திருக்கிறோம். ராத்திரி கார் நிற்கும். காரை வெளியே எடுத்துவிட்டால் முன்பகுதி என் மரவேலைப் பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன கடைசல் மிஷினில் பொம்மையும் விளக்குத் தண்டும் கடைவேன். பின்பகுதியில் மனைவியின் ஓவிய மேசை. படம் முடிந்ததும் அங்கேயே செல்போனை ஸ்டாண்டில் மாட்டி வீடியோ எடுத்து, கேட்டவர்களுக்கு அனுப்புவோம். இத்தனை வேலைக்கும் கூரையில் இருந்தது, விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி நடுவில் மாட்டிய இரண்டு சதுரப் பேனல் லைட்டுகள்தான்.

அந்தச் சிவப்புக்குப் பிறகு ஷெட் வெளிச்சத்தை முதலிலிருந்து யோசித்தேன். கடைகளில் கேட்டேன், எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் உட்கார்ந்து பேசினேன், சிலவற்றை வாங்கி மாட்டிப் பார்த்துக் கழற்றினேன். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பொது வெளிச்சத்துக்கு நான்கடி பேட்டன் லைட்டுகள், அதாவது பழைய டியூப் லைட் மாதிரி நீளமான எல்இடி லைட்டுகள். கை வேலை நடக்கும் மேசைக்கு மேல் மட்டும், நிறத்தை ஒழுங்காகக் காட்டும் ஒரு நல்ல பேனல், அதுவும் கூரையில் ஒட்டாமல் தாழ இறக்கித் தொங்கவிட்டு. ஷெட் முழுக்கப் பேனலாகவே போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வாட்டை விட்டுவிட்டு லூமெனைக் கேளுங்கள்

கடையில் நின்றவுடன் நாம் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். குண்டு பல்பு காலத்துப் பழக்கம் அது. வாட் என்பது லைட் தின்னும் மின்சாரம். அது தரும் வெளிச்சத்தின் அளவு லூமென். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். நல்ல 20 வாட் பேட்டன் சுமார் 2000 லூமென் தரும். 36 வாட் பேனலில் 3200 முதல் 4000 வரை பார்க்கலாம். லூமெனே அச்சிடாத பெட்டியை நான் இப்போது கையில் எடுப்பதில்லை.

மேசைமேல் வந்து விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்பார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ். காரை நிறுத்தி எடுக்க 100 லக்ஸ் போதும். மரம் அறுக்க, அளவு குறிக்க 300 வேண்டும். ஓவியம், நகை, எம்பிராய்டரி மாதிரி நுணுக்க வேலைக்கு 600, 700 இருந்தால் கண் களைக்காது. வயது நாற்பதைத் தாண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்வது நல்லது. அதே எழுத்தைப் படிக்க இருபது வயதுக் கண்ணைவிட ஐம்பது வயதுக் கண்ணுக்கு அதிக வெளிச்சம் தேவைப்படுகிறது.

எங்கள் ஷெட் 220 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 20 சதுர மீட்டர். 300 லக்ஸ் வேண்டுமென்றால் மேசை மட்டத்தில் 6000 லூமென் விழ வேண்டும். லைட்டிலிருந்து கிளம்பும் வெளிச்சத்தில் சுவரும் தூசியும் தின்றது போகப் பாதிதான் கீழே வரும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. ஆக மொத்தம் 12,000 லூமென். ஆறு பேட்டன், அல்லது மூன்று நான்கு பேனல். நான் வைத்திருந்தது இரண்டு மலிவுப் பேனல். கணக்குப் போட்ட அன்றைக்குத்தான் எவ்வளவு இருட்டில் மனைவியை வேலை செய்ய விட்டிருக்கிறேன் என்று உறைத்தது.

ஒரு விஷயம் லைட் வாங்கும் முன்பே செய்யலாம்: சுவருக்கும் கூரைக்கும் வெள்ளையடியுங்கள். எங்கள் பின்சுவர் வெறும் சிமென்ட் பூச்சாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. இரண்டு கோட் வெள்ளை அடித்ததும், லைட்டை மாற்றாமலேயே மூலைகள் தெளிந்தன. பச்சை, நீலம் வேண்டாம். அந்த நிறம் வெளிச்சத்தோடு சேர்ந்து வந்து படத்தின்மேலும் முகத்தின்மேலும் படியும்.

பேனலும் பேட்டனும்

கடையில் இரண்டுக்கு இரண்டு என்று சொல்லும் பேனல், 595 மில்லிமீட்டர் சதுரம். அந்த அளவுக்குக் காரணம் உண்டு. ஆபீஸ்களில் போடும் ஃபால்ஸ் சீலிங் கட்டங்கள் 600 மில்லிமீட்டர். அதற்குள் பொருந்தி உட்காரச் செய்த பொருள் இது. ஃபால்ஸ் சீலிங் இல்லாத ஷெட்டில் மாட்ட, தனியாக ஒரு சர்ஃபேஸ் பாக்ஸ் வாங்க வேண்டும் அல்லது கம்பியில் தொங்கவிட வேண்டும். அந்தச் செலவைக் கடைக்காரர் முதலில் சொல்வதில்லை. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேனலில் இரண்டு வகை. ஒன்றில் எல்இடிகள் ஓரச் சட்டத்துக்குள் வரிசையாக இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் தகட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்து கீழ்நோக்கித் திரும்பும். ஒரு சென்டிமீட்டர் கனம்தான் இருக்கும், பார்க்க அழகு. ஆனால் மலிவுப் பேனல்களில் அந்தத் தகடு நாளாவட்டத்தில் மஞ்சளாகிவிடும். அக்ரிலிக் தகடாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் மஞ்சளாகாது. இன்னொரு வகையில் எல்இடிகள் முதுகுப்பக்கம் பரவலாகப் பதிந்திருக்கும், முன்னால் ஒரு வெண்மையான மூடி. மூன்று சென்டிமீட்டர் வரை கனம். அதே வாட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் அதிக லூமென் தருகிறது, மஞ்சளாகும் தொந்தரவும் குறைவு. குறை என்னவென்றால் பூச்சிகள். மழைக்கு முன்னால் ஈசல் கிளம்பும் நாட்களில் சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே போய்ச் செத்து, மூடியில் கரும்புள்ளிகளாகத் தெரியும். மூடியைக் கழற்றித் துடைக்கத் தோதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பேட்டன் என்பது பழைய டியூப் லைட்டின் இடத்துக்கு வந்தது. அந்தக் காலத்து 36 வாட் டியூப் தாமிர சோக்கோடு சேர்த்து 45, 50 வாட் வரை இழுக்கும். இன்றைய 20 வாட் பேட்டன் அது கொடுத்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. தவிர, டியூப் தன் வெளிச்சத்தில் பாதியைக் கூரைக்கு அனுப்பியது, இது நேராகக் கீழே தருகிறது. கடைகளில் விசாரித்தபோது எனக்குச் சொன்ன விலை, பேட்டன் ஒன்று 280 ரூபாய், ஓரளவு நல்ல பேனல் 1400 ரூபாய், சர்ஃபேஸ் பாக்ஸ் 400. உங்கள் ஊரில் முன்பின் இருக்கலாம். ஆறு பேட்டனுக்கு 1680. நான்கு பேனலும் பாக்ஸும் 7200. மின்சாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆறு பேட்டன் 120 வாட், நான்கு பேனல் 144 வாட். தினம் நான்கு மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட், 35 யூனிட்.

விலையைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது நிழல்தான். நடுவில் இரண்டு பேனல் மாட்டியிருந்தபோது, காரின் பானெட்டைத் திறந்தால் இன்ஜின் முழுக்க இருட்டு. பானெட் லைட்டை மறைத்துக்கொள்ளும். கார் நிற்கும்போது அதன் இரண்டு பக்கமும் இருட்டு. பெஞ்சில் குனிந்தால் என் தலை நிழல் நான் குறிக்கும் கோட்டின்மேலேயே விழும். லைட் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் முதுகுக்குப் பின்னால் இருந்தால் இதுதான் கதி.

பேட்டனை நீளவாக்கில் இரண்டு வரிசையாக, இரு பக்கச் சுவரிலிருந்தும் இரண்டரை அடி தள்ளி மாட்டினேன். வரிசைக்கு மூன்று. கார் கிட்டத்தட்ட ஐந்தரை அடி அகலம். ஆகவே இரண்டு வரிசையும் காரின் விளிம்புக்கு நேர் மேலே வருகிறது. கதவைத் திறந்தாலும், பானெட்டைத் தூக்கினாலும் இரு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் உள்ளே போகிறது. சுவரோர பெஞ்சில் நிற்கும்போது லைட் வரிசை பெஞ்சின் முன்விளிம்புக்கு நேராக, என் நெற்றிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. நான்கடி நீளமுள்ள லைட்டுக்கு இன்னொரு நன்மை, நிழல் கூர்மையாக விழாது. ஒரு முனையைத் தலை மறைத்தால் மறுமுனை அந்த இடத்தை நிரப்பும். பேனலும் மெல்லிய நிழல்தான் தரும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று சதுரங்களை வைத்து 20 அடி நீளத்தை இப்படி அணைத்துக்கொள்ள முடியாது.

மற்ற வகைகளையும் பார்த்தேன். வட்டமான 18, 22 வாட் சர்ஃபேஸ் பேனல்கள் போர்டிகோவுக்கும் பாத்ரூமுக்கும் சரி. இத்தனை பெரிய இடத்துக்கு எட்டுப் பத்து வாங்க வேண்டும், கண்ணும் கூசும். ஃப்ளட் லைட் வேண்டவே வேண்டாம். நிமிர்ந்து பார்த்தால் அடுத்த அரை நிமிடம் உளி முனை தெரியாது. கூரையில் தேன்கூடு போல மாட்டும் அறுகோண லைட்டுகளைக் கார் பாலிஷ் செய்யும் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடுகள் பெயின்ட்டில் பிரதிபலித்து, கீறலையும் சொட்டையையும் காட்டிக்கொடுக்கும். அந்தத் தொழிலுக்கு அது மிகப் பொருத்தம். வீட்டு ஷெட்டில் அத்தனை இணைப்புகளைக் கூரையில் வைத்துப் பராமரிக்க நான் விரும்பவில்லை.

சிவப்பு ஏன் ஏமாற்றியது

இப்போது ஓவிய மேசைக்கு வருவோம். இங்கேதான் பேனல் தன் விலைக்கு வேலை செய்கிறது, நல்லதாகத் தேர்ந்தெடுத்தால்.

நிறத்தைப் பற்றிப் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று கெல்வின். 3000 என்றால் மஞ்சள் கலந்த வார்ம் வைட், 4000 நேச்சுரல் வைட், 6500 நீலம் கலந்த கூல் டே லைட். நம் ஊரில் 6500-ஐத்தான் "நல்ல வெளிச்சம்" என்று எல்லோரும் வாங்குகிறோம், டியூப் லைட் பழக்கிய பழக்கம். இரண்டாவது சிஆர்ஐ. சூரிய வெளிச்சத்தில் ஒரு பொருளின் நிறம் எப்படித் தெரியுமோ, அதற்கு எவ்வளவு பக்கத்தில் இந்த லைட் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண், நூற்றுக்கு. சாதாரண வீட்டு லைட்டுகள் 80 வாங்கும். மலிவானவற்றில் 70-ம் உண்டு.

இந்த 80 என்ற மார்க்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. எட்டு வெளிர் நிறங்களை வைத்துப் பார்த்த சராசரி அது. அடர் சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அதை ஆர்9 என்று தனியாக அளப்பார்கள். எல்இடியின் உள்ளே இருப்பது நீல ஒளி. அதன்மேல் பூசிய பாஸ்பர்தான் மஞ்சளையும் சிவப்பையும் உண்டாக்குகிறது. மலிவு எல்இடியில் சிவப்புப் பங்கு குறைவு. சராசரியில் 80 வாங்கிய லைட்கூட ஆர்9-ல் ஒற்றை இலக்கம் வாங்கலாம். தஞ்சாவூர் ஓவியத்தில் பின்னணிக்கும் திரைச்சீலைக்கும் பட்டுக்கும் நாம் அதிகம் தீட்டுவதே அடர் சிவப்பு. அன்றைக்கு மனைவியை ஏமாற்றியது இதுதான். தோல் நிறத்துக்கும் இதே பிரச்சினை. முகம் களையிழந்து சாம்பலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் சிவப்புக் குறைந்த லைட்தான் காரணம்.

ஆகவே மேசைக்கு மேல் சிஆர்ஐ 90-க்கு மேல், ஆர்9 குறைந்தது 50 என்று எழுத்தில் கொடுக்கும் பேனலைத் தேடி வாங்கினேன். சாதாரணப் பேனலைவிட இரட்டிப்பு விலை ஆனது. லூமென் கொஞ்சம் குறையும். 36 வாட்டுக்கு 3200-தான் வந்தது. பரவாயில்லை. கெல்வின் 4000. படத்தை வாங்குகிறவர் வீட்டுக் கூடத்திலோ பூஜை அறையிலோ மாட்டப்போகிறார், அங்கே பாதி மஞ்சள் வெளிச்சம், பாதி பகல். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் 4000-ல் தீட்டினால் இரண்டு இடத்திலும் நிறம் ஒத்துவருகிறது. பேட்டன்களையும் 4000-ஆகவே வாங்கிவிட்டேன். ஒரே இடத்தில் 6500-ம் 4000-மும் கலந்தால் மேசையின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் இருக்கும். வீடியோவில் அது இன்னும் மோசமாகத் தெரியும்.

வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு அரக்குச் சிவப்புத் துணியைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்கு வெளியே வெயிலில் ஒரு தடவை பாருங்கள், உள்ளே அந்த லைட்டின் கீழ் ஒரு தடவை பாருங்கள். பழுப்படித்தால் திரும்பி வந்துவிடுங்கள். என் மனைவி ஒரு பழைய பட்டு ரவிக்கைத் துணியைத்தான் எடுத்து வந்தார். மூன்று பேனல்களில் இரண்டை அந்தத் துணியே நிராகரித்தது.

தொங்கவிடும் உயரமும் முக்கியம். பத்தடி உயரக் கூரையில் ஒட்டினால் அந்தப் பேனலுக்கும் மேசைக்கும் ஏழரை அடி இடைவெளி. கணக்குப்படி மேசையில் 200 லக்ஸ்கூட வராது. அதே பேனலை மேசைக்கு நான்கடி உயரத்துக்கு இறக்கினால் 650-ஐத் தாண்டுகிறது. கூடுதல் பணமும் மின்சாரமும் இல்லாமல் மூன்று மடங்கு வெளிச்சம், வெறும் கம்பி நீளத்தில் கிடைக்கிறது. இறக்கிய பிறகு புது சிக்கல் ஒன்று வந்தது: தங்க ரேக்கு, அதாவது படத்தில் ஒட்டும் மெல்லிய தங்கத் தகடு. சுண்ணப் பொடியும் பசையும் சேர்த்து மேடு எழுப்பி, அதன்மேல் ஒட்டிய ரேக்கு கண்ணாடி மாதிரி பேனலைத் திருப்பிக் காட்டியது. பேனலை மேசைக்கு நேர் மேலே வைக்காமல் இடது பக்கமாக ஒன்றரை அடி நகர்த்தினோம். மனைவி வலது கைக்காரர், கை நிழலும் படத்தில் விழவில்லை. ரேக்கின் பளபளப்பு அவர் கண்ணுக்கு வராமல் மறுபக்கம் போய்விட்டது. அரை அடி அரை அடியாக நகர்த்தித்தான் அந்த இடத்தைப் பிடித்தோம். ஆணி அடிக்கும் முன் கயிற்றில் கட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரிந்த சக்

பழைய பேனல்களின் இன்னொரு குறை எனக்கு பயத்தைக் கொடுத்தது. கடைசல் மிஷினை ஓட விட்டு மரத்தை எடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது, மரத்தைக் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடை சக் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரிந்தது. உண்மையில் அது நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவு டிரைவர் (மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பகுதி) உள்ள எல்இடி அதோடு சேர்ந்து நொடிக்கு 100 தடவை பிரகாசித்து மங்கும். கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது. 1440 சுற்று என்பது நொடிக்கு 24. நான்கு தாடை என்பதால் ஒரே தோற்றம் நொடிக்கு 96 தடவை வரும். 100-க்கும் 96-க்கும் உள்ள அந்தச் சின்ன வித்தியாசத்தால், ஒவ்வொரு துடிப்பிலும் தாடை கொஞ்சம் பின்தங்கியே கண்ணில் படும். நொடிக்கு ஒரு சுற்று பின்னோக்கிப் போகிற மாதிரி ஆகிவிடும். எண்கள் சரியாகப் பொருந்தினால் நின்றே விட்டதுபோலத் தெரியும். நின்றுவிட்டது என்று கையை நீட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுற்றும் மிஷின் ஏதாவது வைத்திருப்பவர்கள் விலை பார்த்து இந்த இடத்தில் மட்டும் சமாதானமாகப் போய்விடாதீர்கள்.

சோதிப்பது சுலபம். செல்போனில் ஸ்லோ மோஷன் வைத்து லைட்டைப் படம் பிடியுங்கள். வெளிச்சம் விட்டுவிட்டுத் துடித்தால் வேண்டாம். போன் இல்லையென்றால் லைட்டின் கீழே ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். நல்ல லைட்டில் ஒரே மங்கலான விசிறியாகத் தெரியும், துடிக்கும் லைட்டில் பல பென்சில்கள் தனித்தனியாக. வீடியோவில் கருப்புக் கோடுகள் ஓடுவதும் இதனால்தான். போன் கேமராவில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-க்கு வைத்தால் கோடு அடங்கும், ஆனால் கைக்கு ஆபத்து அடங்காது.

வீடியோவைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஷெட்டில் பேசும் வீடியோ எடுக்கிறவர்கள் கூரை லைட்டை மட்டும் நம்ப வேண்டாம். மேலிருந்து விழும் வெளிச்சம் கண்குழியையும் மூக்கின் அடியையும் கருப்பாக்கும். ஸ்டாண்டில் நிற்கும் சின்ன வீடியோ பேனல் ஒன்றை முகத்துக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில் வைத்து, அதே 4000-க்குத் திருப்பிக்கொண்டால் போதும். கூரையில் இன்னும் இரண்டு பேனல் சேர்ப்பதைவிட இது பலன் தரும்.

மாட்டும்போது

கான்கிரீட் பகுதியில் முதல் தடவை நான் செய்த தவறு ஆழம் போதாமல் ஓட்டை போட்டது. கூரைப் பூச்சே கிட்டத்தட்ட அரை அங்குலம் இருக்கலாம். ராவல் பிளக் (ஓட்டைக்குள் திருகாணியைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் குழல்) பூச்சில் மட்டும் பிடித்திருந்தால் சில மாதத்தில் கழன்று வரும். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பேனலின் ஒரு மூலை அப்படி இறங்கி, கார் கண்ணாடிக்கு மேல் தொங்கியது. இப்போது 6 மில்லிமீட்டர் பிட்டில் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் போடுகிறோம். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டால் தப்பு வராது. ஃபேன் கொக்கியிலிருந்தும் சுவிட்ச் போர்டிலிருந்தும் தளத்துக்குள் வயர் பைப் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வீடு கட்டும்போது எடுத்த போட்டோ இருந்தால் அதைப் பார்த்துவிட்டுத் துளையிடுங்கள்.

தகர ஷீட் பகுதியில் ஷீட்டைத் தொடவே கூடாது, துளை போட்டால் மழைக்கு ஒழுகும். டிரஸ் குழாயில் கிளாம்ப் போட்டு அதிலிருந்து கம்பி இறக்குங்கள். கல்நார் ஷீட் போட்டவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பு. துளையிடும்போது கிளம்பும் தூசியில் இருக்கும் கல்நார் இழை புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. அந்த ஷீட்டில் டிரில்லை வைக்காதீர்கள்.

ஷீட்டுக்குக் கீழே சூடும் ஒரு பகை. சித்திரை வெயிலில் தகரத்துக்குப் பக்கத்துக் காற்றே கொதிக்கும். எல்இடி லைட்டில் பெரும்பாலும் முதலில் போவது எல்இடி அல்ல, டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்தான். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பொதுக் கணக்கு. பெட்டியில் போட்டிருக்கும் 25,000 மணி நேரம் அந்தச் சூட்டுக்கு எழுதியதல்ல. கூரையிலிருந்து ஒன்றரை அடியாவது இறக்குங்கள், டிரைவரை பேனலின் முதுகில் அமுக்கி வைக்காமல் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். டிரைவர் தனியாகக் கழற்றி மாற்றும் வகையாக இருந்தால் பேனலைத் தூக்கிப் போட வேண்டியிருக்காது. கரன்ட் போய் வரும்போது வரும் அதிக வோல்டேஜைத் தாங்க, சர்ஜ் பாதுகாப்பு 2.5 கிலோவோல்ட்டுக்குக் குறையாமல் பாருங்கள். 4 கிடைத்தால் இன்னும் நல்லது.

தொங்கவிடும் பேனலின் சட்டம் உலோகம். சில மலிவு டிரைவர்கள் மெயின் மின்சாரத்தை எல்இடி பலகையிலிருந்து பிரிப்பதே இல்லை. எர்த் முனை கொடுத்திருந்தால் எர்த் வயரைக் கட்டாயம் இணைக்கச் சொல்லுங்கள். "லைட்டுக்கு எதுக்கு எர்த், சார்?" என்று அவசரப்படுகிறவரிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் கேட்காமலேயே போட்டார், அதனால்தான் அவரையே மறுபடி கூப்பிடுகிறோம்.

சுவிட்ச் மூன்றாகப் பிரித்திருக்கிறோம். இடது வரிசை, வலது வரிசை, ஓவிய மேசை. காரை மட்டும் நிறுத்தும்போது ஒரு வரிசை போதும். அப்புறம், கடைசல் மிஷினுக்கு நேர் மேலே இருக்கும் ஒரு பேட்டனை மட்டும் வரிசையிலிருந்து பிரித்து, வீட்டு இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருக்கிறோம். மிஷின் ஓடும்போது கரன்ட் போனால் சக் உடனே நிற்காது, கொஞ்ச நேரம் இருட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். உளி கையில் இருக்கும்போது அந்த ஒரு லைட் அணையாமல் எரிய வேண்டும்.